திருவாதிரைக்கு ஒரு கருவி, மகத்துக்கு வேறொரு கருவி

2020 பிப்ரவரியில் திருவாதிரை மங்கியது பலருக்கும் நினைவிருக்கும். ஓரியன் கூட்டத்தின் ஒரு தோளில் செம்மஞ்சளாகச் சுடர்விடும் நட்சத்திரம், அந்த வாரங்களில் மறுதோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கிவிட்டது. மொட்டைமாடியில் நின்று வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. அப்போது இயற்பியல் முதுநிலை மாணவர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: கலிபோர்னியாவில் 331 மீட்டர் அகலத்துக்கு விரிந்த தொலைநோக்கி அணி இருக்கிறதே, அதைத் திருப்பினால் நட்சத்திரத்தின் முகமே தெரிந்துவிடாதா?

தெரியாது. அதே அணியை மகம் நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினால் வேறெங்கும் எளிதில் கிடைக்காத விவரம் கிடைக்கும். திருவாதிரையைப் பார்த்தாலோ, படத்தின் அடிப்படை வடிவமே கைக்கு வராது. எந்த அணி பெரியது என்று கேட்டுத் தொடங்கும் மாணவர்கள்தான் அதிகம். பார்க்கப்போகும் பொருள் எவ்வளவு பெரியது என்று கேட்டுத் தொடங்கினால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். இத்தகைய தொலைநோக்கி அணியில், அதாவது அகச்சிவப்புக் குறுக்கீட்டுமானியில், நேரம் கேட்டு முன்மொழிவு எழுத நினைப்பவர்களுக்கும், ஆவணக் காப்பகத் தரவை வைத்து ஆய்வு தொடங்க நினைப்பவர்களுக்கும் அந்தத் தேர்வை எப்படிச் செய்வது என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஓர் அளவு. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு வில்நொடி. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி வில்நொடி. நிலவில் ஓர் ஆள் நின்றால், இங்கிருந்து பார்க்க அவர் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லி வில்நொடி. திருவாதிரையின் வட்டு, அண்மை அகச்சிவப்பில், சுமார் 43 மில்லி வில்நொடி. மகத்தின் வட்டு 1.65-ஐத் தாண்டாது. இரண்டும் வானில் புள்ளியாகத்தான் தெரிகின்றன. ஆனால் ஒன்று மற்றதைப் போல 26 மடங்கு.

குறுக்கீட்டுமானி என்ன செய்கிறது? தள்ளித்தள்ளி வைத்த தொலைநோக்கிகளிலிருந்து ஒரே நட்சத்திரத்தின் ஒளியைக் குழாய்கள் வழியே கொண்டுவந்து ஓரிடத்தில் கலக்கிறது. வந்த பாதைகளின் நீளம் மைக்ரோமீட்டர் கணக்கில் சமமானால், பிளஸ் டூ பாடத்தில் யங் சோதனையில் படித்த அதே வெளிச்சப் பட்டையும் இருட்டுப் பட்டையும் தோன்றும். இரு தொலைநோக்கிகளுக்கு இடையிலான தூரத்தை அடிக்கோடு என்போம். அடிக்கோடு நீள நீள, வட்டு உள்ள நட்சத்திரத்தின் பட்டைகள் வெளிறிக்கொண்டே வந்து ஒரு தூரத்தில் முழுக்க மறையும். அந்தத் தூரம் 1.22 × அலைநீளம் ÷ கோண விட்டம். கோணத்தை ரேடியனில் எடுக்க வேண்டும்.

இந்தச் சமன்பாட்டால் முதன்முதலில் ஒரு நட்சத்திரத்தின் விட்டத்தை அளந்தவர்கள் இயற்பியலாளர் மைக்கல்சனும் வானியலாளர் பீஸும். 1920 டிசம்பர் 13 அன்று, மவுண்ட் வில்சனில் 100 அங்குல ஹூக்கர் தொலைநோக்கியின் முகப்பில் 20 அடி உத்திரத்தைப் பொருத்தி, அதன் மேல் கண்ணாடிகளை நகர்த்திக்கொண்டே போனார்கள். கண்ணாடிகளுக்கு இடையே 3.07 மீட்டர் வந்தபோது திருவாதிரையின் பட்டைகள் மறைந்தன. அதிலிருந்து விட்டம் 0.047 வில்நொடி என்று கணக்கிட்டார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த எண் பெரிதாக மாறிவிடவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு.

அவர்கள் பார்த்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியில். அலைநீளம் 1.65 மைக்ரோமீட்டராக இருந்தால் அதே நட்சத்திரத்துக்கு மறையும் தூரம் சுமார் 10 மீட்டர். மகத்துக்கு, 2.1 மைக்ரோமீட்டரில், 320 மீட்டருக்கு மேல். தேர்வின் கரு இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

களத்தில் உள்ளவை

இன்று அகச்சிவப்பில் படம் எடுக்கும் அளவுக்கு வளர்ந்து, வெளி ஆய்வாளர்களுக்கும் நேரம் தரும் பெரிய அணிகள் இரண்டு.

சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 2,635 மீட்டர் உயரத்தில், பரனால் மலையுச்சியில் இருப்பது ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் விஎல்டிஐ குறுக்கீட்டுமானி. நான்கு 8.2 மீட்டர் தொலைநோக்கிகள் நிலையாக நிற்கின்றன. மபூச்சே மக்களின் மொழியில் அவற்றுக்கு அன்டு, குயேயன், மெலிபால், யெபுன் என்று பெயர். அவற்றோடு நான்கு 1.8 மீட்டர் துணைத் தொலைநோக்கிகள்; இவை தண்டவாளத்தில் ஓடி வெவ்வேறு மேடைகளில் அமரும். பெரிய நான்கின் அதிகபட்ச அடிக்கோடு 130 மீட்டர். துணைத் தொலைநோக்கிகளை 11 மீட்டர் நெருக்கத்திலும் வைக்கலாம், 200 மீட்டர் வரையும் விரிக்கலாம். ஒரு சமயத்தில் நான்கு தொலைநோக்கிகளின் ஒளிதான் கலக்கும். பியோனியர் கருவி 1.6 மைக்ரோமீட்டரை ஒட்டியும், கிராவிட்டி 2.2-ஐ ஒட்டியும், மட்டிஸ் 3 முதல் 13 வரையும் வேலை செய்கின்றன.

இன்னொன்று, மைக்கல்சன் நின்ற அதே மவுண்ட் வில்சனில் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்தும் சாரா அணி; மாணவர்கள் கேட்டது இதைப் பற்றித்தான். ஆறு 1 மீட்டர் தொலைநோக்கிகள், ஆங்கில ஒய் எழுத்தின் மூன்று கைகளில் கைக்கு இரண்டாக நிலையாக நிற்கின்றன. மிகக் குறைந்த அடிக்கோடு 34 மீட்டர், மிக நீண்டது 331. மிர்க்-எக்ஸ், மிஸ்டிக் என்ற இரு கருவிகளும் ஆறு கற்றைகளையும் ஒரே நேரத்தில் கலக்கின்றன.

ஹவாயில் இரண்டு 10 மீட்டர் தொலைநோக்கிகளை இணைத்த கெக் குறுக்கீட்டுமானி 2012-இல் நின்றுபோனது. அரிசோனாவின் எல்பிடிஐ குறுக்கீட்டுமானியில் ஒரே தாங்கியில் இரண்டு 8.4 மீட்டர் கண்ணாடிகள். மையத்துக்கு மையம் 14.4 மீட்டர்தான். அருகிலுள்ள நட்சத்திரங்களைச் சுற்றிய வெதுவெதுப்பான தூசியைத் தேட அது அருமையான கருவி, நட்சத்திரத்தின் முகத்தைப் பார்க்க உதவாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிரிஸ் கருவியில் ஏழு துளையிட்ட முகமூடி ஒன்று இருக்கிறது. அதுவும் குறுக்கீட்டு முறைதான். வளிமண்டலத் தொல்லை அங்கே இல்லை. ஆனால் கண்ணாடி 6.5 மீட்டர் என்பதால் 4 மைக்ரோமீட்டரில் அதன் கூர்மை நூறு மில்லி வில்நொடிக்கு அக்கம்பக்கத்தில் நின்றுவிடும். பிரகாசமான நட்சத்திரத்தின் மிக அருகில் மங்கலான துணையைத் தேடுபவர்களுக்கு அது போதும்.

ஏன் அகச்சிவப்பு?

அலைநீளம் குறைந்தால் பிரிதிறன், அதாவது நுண்ணிய விவரங்களைப் பிரித்துக் காணும் திறன், கூடும். அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே பார்க்கலாமே என்ற கேள்வி நியாயமானது. தடை நம் தலைக்கு மேலுள்ள காற்று. ஒளி அலை சிதையாமல் வந்து சேரும் காற்றுத் திட்டின் அகலம், பச்சை ஒளியில் நல்ல மலையுச்சியிலும் 10, 15 செ.மீ.தான். அலைநீளம் கூடும்போது இந்த அகலம் அதைவிட வேகமாகக் கூடுகிறது, 2.2 மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. பட்டைகள் துள்ளாமல் நிற்கும் நேரமும் அதே அளவில் நீள்கிறது. சில மில்லிநொடிகளில் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒளித்துகள்களை இன்னும் சற்று நேரம் சேர்க்க முடிகிறது. மங்கலான பொருளுக்கு இந்தச் சற்று நேரமே வாழ்வு. குளிர்ந்த சிவப்புப் பெருநட்சத்திரங்களும் தூசியும் அகச்சிவப்பில்தான் அதிகம் ஒளிர்கின்றன என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அதற்காக 10 மைக்ரோமீட்டர் எல்லாவற்றையும்விட மேல் என்று எண்ண வேண்டாம். அந்த அலைநீளத்தில் வானம், கண்ணாடி, குழாய் எல்லாமே தம் சொந்த வெப்பத்தில் ஒளிர்கின்றன. பட்டப்பகலில் நட்சத்திரம் தேடுவது போன்ற நிலை. தூசியின் வேதியியலே உங்கள் கேள்வி என்றால் மட்டிஸைத் தவிர வேறு வழியில்லை. நட்சத்திர வட்டின் அளவு மட்டும் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

அளவு

திருவாதிரைக்கு வருவோம். 10 மீட்டரில் பட்டைகள் மறைகின்றன என்றால், வட்டின் மொத்த வடிவத்தைச் சொல்லும் தகவல் முழுவதும் 10 மீட்டருக்கு உள்ளேயும் அதை ஒட்டியும் இருக்கிறது. 34 மீட்டரில் தொடங்கும் சாரா அணி அந்தப் பகுதியைத் தொடுவதே இல்லை. அது பார்ப்பது மேற்பரப்பின் மிக நுண்ணிய சுருக்கங்களை மட்டும். முகம் எங்கே என்று தெரியாமல் மச்சத்தைத் தேடுவது மாதிரி. பரனாலில் துணைத் தொலைநோக்கிகளை மிக நெருக்கமாக நிறுத்தும் அமைப்புதான் இதற்குச் சரி.

இன்னும் ஒன்று. 43 மில்லி வில்நொடி என்பது குறுக்கீட்டுமானி இல்லாமலேயே எட்டக்கூடிய அளவு. 2019 டிசம்பரில் திருவாதிரையின் தென்பகுதி இருண்டிருந்ததைக் காட்டிய படம், ஒரே ஒரு 8.2 மீட்டர் தொலைநோக்கியில் ஸ்பியர் கருவி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்தது. கரடுமுரடான படம்தான், ஆனாலும் அந்த மங்கலின் கதையைத் திறந்துவிட்டது அதுதான். ஆகவே ஆய்வுக் கேள்வி ‘எந்தப் பக்கம் இருண்டது’ என்ற அளவில் இருந்தால், குறுக்கீட்டுமானியில் நேரம் கேட்டு வரிசையில் நிற்கத் தேவையில்லை.

மகத்தின் நிலை நேரெதிர். 130 மீட்டர் அடிக்கோட்டில் அது இன்னும் ஏறக்குறைய புள்ளிதான். சாரா அணியின் முதல் அறிவியல் முடிவே 2005-இல் இந்த நட்சத்திரத்தைப் பற்றியது. சூரியன் ஒருமுறை சுழல 25 நாளுக்கு மேல் எடுக்கிறது, மகம் 15.9 மணி நேரத்தில் சுழன்றுவிடுகிறது. அந்த வேகத்தில் நடுப்பகுதி பிதுங்கி, நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகமாகிவிட்டது. துருவம் கொதிக்கிறது, நடு ஒப்பீட்டளவில் குளிர்ந்திருக்கிறது. வேகமாகச் சுழலும் நட்சத்திரம் இப்படித்தான் இருக்கும் என்று 1924-லேயே வான் சைபல் கோட்பாடாகச் சொல்லியிருந்தார். 2007-இல் திருவோணத்தின் மேற்பரப்பைச் சாரா அணி படமாகவே எடுத்தது. சூரியனைத் தவிர, முதன்மைத் தொடர் நட்சத்திரம் (சூரியனைப் போல் மையத்தில் ஹைட்ரஜனை எரிப்பது) ஒன்றின் மேற்பரப்புப் படம் அதுவே முதல். நமக்குப் பழக்கமான இருபத்தேழில் இரண்டு நட்சத்திரங்கள், வட்டமான வெள்ளைப் புள்ளிகள் என்று நினைத்திருந்தவை, நசுங்கிய கோளங்களாக நிற்கின்றன. அந்தப் படத்தை வகுப்பில் போட்டுக்காட்டும்போதெல்லாம் ஒரு கணம் அமைதியாகிவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பவற்றுக்குத்தான் உண்மையான போட்டி. தெற்கு வானில் 530 ஒளியாண்டு தொலைவில் உள்ள பை-1 குரூயிஸ், சுமார் 18 மில்லி வில்நொடி. பியோனியர் அதன் மேற்பரப்பில் கொதிக்கும் வெப்பச்சலனக் குமிழ்களைப் படம்பிடித்தது. ஒவ்வொன்றும் சுமார் 12 கோடி கி.மீ. அகலம் என்று 2018-இல் வெளியானது. சூரியனில் அதே குமிழ் 1,500 கி.மீ.தான்.

மாறும் பொருளா, மாறாததா?

முன்மொழிவுகளில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். படம் உருவாக்கப் பல நீளங்களில், பல திசைகளில் அடிக்கோடுகள் வேண்டும். நான்கு தொலைநோக்கிகள் இருந்தால் ஒரே சமயத்தில் 6 அடிக்கோடுகள். ஆறு இருந்தால் 15. இன்னும் முக்கியமானது குளோஷர் ஃபேஸ் எனும் அளவு. மூன்று தொலைநோக்கிகளை முக்கோணமாகச் சுற்றி, ஒளி அலையின் கட்டங்களை (ஃபேஸ்) கூட்டினால் காற்றால் வந்த பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பொருளின் சமச்சீரின்மை மட்டும் மிஞ்சும். நட்சத்திரத்தின் ஒரு பக்கம் புள்ளி இருக்கிறதா என்று சொல்வது இதுதான். நான்கில் இப்படித் தனித்த அளவுகள் 3. ஆறில் 10.

பரனாலில் இந்தக் குறையைத் தொலைநோக்கிகளை நகர்த்தி ஈடுகட்டுகிறார்கள். நெருக்கமான அமைப்பில் சில இரவுகள், பிறகு நடுத்தரம், பிறகு விரிந்தது. எல்லாம் முடியச் சில வாரங்கள் ஆகலாம். அதற்குள் நட்சத்திரம் மாறிவிட்டால் கிடைப்பது யாருடைய படமும் இல்லை. ஆர் டொராடஸ் என்ற பெருநட்சத்திரத்தை ஆல்மா ரேடியோ தொலைநோக்கி அணி 2023-இல் பார்த்தபோது, அதன் மேற்பரப்புக் குமிழ்கள் ஏறக்குறைய ஒரு மாதத்தில் எழுந்து அடங்குவது தெரிந்தது, எதிர்பார்த்ததைவிட வேகம். இத்தகைய பொருளுக்கு ஆறு வாரம் பரப்பி அளவெடுப்பது ஆபத்து.

சாரா அணி இங்கே முந்துகிறது. 2013 ஆகஸ்டில் டெல்ஃபினஸ் கூட்டத்தில் ஒரு நோவா (திடீரென வெடித்துப் பிரகாசமாகும் நட்சத்திரம்) வெடித்தபோது, கண்டுபிடித்த 24 மணி நேரத்துக்குள் அது முதல் அளவை எடுத்துவிட்டது. இரண்டு மாதத்தில் 27 இரவுகள் தொடர்ந்து, தீக்கோளம் விரிவதை ஏறத்தாழ நாள்வாரியாகப் பதிவு செய்தது. 27 ஆண்டுக்கு ஒருமுறை மறைக்கப்படும் எப்சிலான் ஆரிகேயின் முன்னால் இருண்ட தூசித் தட்டு நகர்வதை 2009 நவம்பரிலும் டிசம்பரிலும் எடுத்த இரு படங்களை அடுத்தடுத்து வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்த மறைப்பு 2036-ஐ ஒட்டி. இப்போது இளநிலை படிப்பவர்கள் அப்போது முன்மொழிவு எழுதும் வயதில் இருப்பார்கள்.

மங்கலான பொருள்

இங்கே ஒப்பீடே இல்லை. 8.2 மீட்டர் கண்ணாடியின் பரப்பு 1 மீட்டரைப் போல 67 மடங்கு. பால்வெளியின் மையத்தில் 27,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள கருந்துளையை எஸ்2 என்ற நட்சத்திரம் 2018 மே 19 அன்று மிக நெருங்கிக் கடந்தபோது, நொடிக்கு 7,650 கி.மீ. வேகத்தில் போன அதைக் கிராவிட்டி நான்கு பெரிய தொலைநோக்கிகளோடு பின்தொடர்ந்தது. பக்கத்திலுள்ள பிரகாசமான நட்சத்திரம் ஒன்றின் பட்டைகளை நிலையாகப் பிடித்துக்கொண்டு, அந்த நிலைத்தன்மையில் மங்கலான பொருளை நீண்ட நேரம் பார்ப்பது அதன் தனித்திறன். ஐன்ஸ்டைன் சொன்ன ஈர்ப்புச் செந்நகர்ச்சி (வலுவான ஈர்ப்பில் ஒளியின் அலைநீளம் கூடுவது) அதில் தெரிந்தது. அந்த நீண்ட ஆய்வுக்காக ரைன்ஹார்ட் கென்சலும் ஆண்ட்ரியா கெஸும் 2020-இல் நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்துகொண்டார்கள். 2019-இல் எச்ஆர் 8799-இ என்ற புறக்கோளின் ஒளியை நேரடியாகப் பிரித்து நிறமாலை எடுத்ததும் இதே கருவி. 2024-இல், 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் பெரிய மெகல்லன் மேகத்தில் இருக்கும் டபிள்யூஓஎச் ஜி64 என்ற நட்சத்திரத்தின் முட்டை வடிவத் தூசிக் கூட்டைக் காட்டியதும் கிராவிட்டிதான்.

ஆனால் பெரிய நான்கும் மாதத்தின் பெரும்பாலான இரவுகளில் தனித்தனியே வேறு வேலை செய்பவை. குறுக்கீட்டுக்கு ஒதுக்கப்படும் இரவுகள் குறைவு, போட்டி கடுமை. துணைத் தொலைநோக்கிகள் குறுக்கீட்டுக்கென்றே இருப்பவை. உங்கள் பொருள் அவற்றுக்கு எட்டும் பிரகாசம் என்றால் பெரியவற்றைக் கேட்காதீர்கள்; தேவையை மீறிக் கேட்ட முன்மொழிவு தேர்வுக் குழுவில் நிற்பது கடினம்.

பரனாலுக்கு அருகே ஆர்மசோன்ஸ் மலையில் இஎல்டி என்ற 39 மீட்டர் தொலைநோக்கி எழுந்துகொண்டிருக்கிறது. 2.2 மைக்ரோமீட்டரில் அதன் பிரிதிறன் சுமார் 12 மில்லி வில்நொடியாக இருக்கும், அதுவும் முழுப் படமாக. மிக மங்கலான, அதே சமயம் 12-க்கு மேல் அகன்ற பொருள் உங்களுடையது என்றால் காத்திருப்பது தவறில்லை. மகத்துக்கு இஎல்டியும் போதாது.

இங்கிருந்தே தொடங்க

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று நிலவு. நிலவின் விளிம்பு ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தில் ஏற்படும் ஒளி விளிம்புவிளைவுப் பட்டைகளை மில்லிநொடி வேகத்தில் பதிந்தால், ஒரே தொலைநோக்கியில் சில மில்லி வில்நொடி வரை அளக்கலாம். ராஜஸ்தானின் அபு மலையில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி பல ஆண்டுகள் இதைச் செய்திருக்கிறது. நிலவின் பாதையில் வரும் நட்சத்திரங்களுக்கு மட்டுமே பொருந்தும்; மகமும் கேட்டையும் வரும், திருவாதிரை வராது. ஒரே திசையில்தான் அளவு கிடைக்கும். ஆனாலும் இந்திய மாணவர் கைக்கு எட்டும் கருவி அது.

இன்னொன்று காப்பகம். ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் தரவு, வழக்கமாக ஓராண்டுக்குப் பின், எல்லோருக்கும் திறந்துவிடப்படுகிறது. பிரான்ஸின் ஜான்-மாரி மரியோட்டி மையம் தரும் ஆஸ்ப்ரோ மென்பொருளில் நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்தால், எந்த அமைப்பில் எந்த நேரம் எந்த அடிக்கோடுகள் கிடைக்கும் என்று படமாகவே வரும். இரு அணிகளும் ஓஐஃபிட்ஸ் என்ற ஒரே கோப்பு வடிவில் தரவு தருவதால் ஒன்றில் கற்றது இன்னொன்றுக்கும் ஆகும்.

கேட்டையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 2.2 மைக்ரோமீட்டரில் 37 மில்லி வில்நொடியை ஒட்டி. பட்டைகள் சுமார் 15 மீட்டரில் மறையும். மவுண்ட் வில்சனில் அது அடிவானத்திலிருந்து 30 பாகைகூட ஏறாது, பரனாலிலோ உச்சந்தலைக்கு மேல் போகும். கண்ணை உறுத்தும் பிரகாசம் என்பதால் பெரிய தொலைநோக்கி வேண்டாம். துணைத் தொலைநோக்கிகள், நெருக்கமான அமைப்பு, கிராவிட்டி: படத்துக்கு இதுவே விடை. ஆனால் 2017-இல் வெளியான, கேட்டையின் வளிமண்டலத்தில் வாயு மேலும் கீழும் பாயும் வேகத்தைக் காட்டிய வரைபடம் போன்ற ஒன்று வேண்டுமென்றால் சிக்கல். அதை எடுத்த ஆம்பர் கருவியின் நிறமாலைப் பிரிதிறன் (நெருங்கிய அலைநீளங்களைப் பிரித்துக் காணும் திறன்) 12,000, கிராவிட்டிக்கு 4,000தான். ஆம்பர் 2018-இல் ஓய்வு பெற்றுவிட்டது. அந்த வேகங்களைத் தேடுபவர் புது முன்மொழிவு எழுதுவதற்கு முன், ஆம்பர் விட்டுச்சென்ற இரவுகளைக் காப்பகத்தில் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.